பூவேலையும் பூந்தோட்டமும்: வாசகர் கேள்வி பதில்

துணியில் செய்யும் அலங்கார வேலையைத் தமிழில் ‘பூவேலை’ என்றும் ‘பூத்தையல்’ என்றும் சொல்கிறோம். அதில் ஒரு பூகூட இல்லாவிட்டாலும் பெயர் அதுதான். அலங்காரம் என்றதும் நம் மொழிக்குத் தோட்டமே நினைவுக்கு வருகிறது என்று சென்ற இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: முப்பது ஆண்டுகளாகப் பூத்தையல் செய்துவருகிறேன். தோட்டத்துப் பூவைப் பார்த்து இம்மி பிசகாமல் வரைந்து தைத்தாலும், துணியில் அது உயிரில்லாமல் கிடக்கிறது. வில்லியம் மாரிஸின் வடிவங்களில் மட்டும் செடி இன்னும் வளர்ந்துகொண்டிருப்பது போலத் தோன்றுகிறதே, அது எப்படி?

கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த துணித்துண்டை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். தையல் மிக நேர்த்தி. அதில் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் துண்டில் உள்ள ஐந்து பூக்களும் புகைப்படத்துக்கு நிற்பவர்களைப் போல நேராக நம்மையே பார்க்கின்றன. அவற்றின் காம்புகள் எங்கிருந்து புறப்படுகின்றன என்று விரலால் தடவிக்கொண்டே போனால், இரண்டு அங்குலத்தில் காம்பு முடிந்து வெறும் துணி வந்துவிடுகிறது. வேர் இல்லாத செடி வாடியதாகத்தான் தெரியும்.

மாரிஸ் 1834 முதல் 1896 வரை வாழ்ந்த ஆங்கிலேய வடிவமைப்பாளர். திருமணத்துக்குப் பின் அவருக்காகக் கட்டடக் கலைஞர் ஃபிலிப் வெப் கட்டிக்கொடுத்த ‘ரெட் ஹவுஸ்’ என்ற வீட்டின் தோட்டம், ரோஜாக் கொடிகள் படர்ந்த மரத்தட்டிகளால் சிறு சிறு சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 1862இல் அவர் வரைந்த முதல் சுவர்த்தாள் வடிவத்தில் அந்தத் தட்டியே இருக்கிறது: நேர்கோட்டில் மரச்சட்டங்கள், அவற்றை முன்னும் பின்னுமாகப் பின்னிச் செல்லும் ரோஜாக் கொடி, நடுநடுவே பறவைகள். தாம் வரைந்த பறவைகள் அவருக்கே பிடிக்காமல் போனதால், பறவைகளை மட்டும் வெப் வரைந்துகொடுத்தார். இந்த வடிவத்தில் எந்தப் பூவை எடுத்துக்கொண்டாலும், அதன் காம்பைப் பிடித்துக் கீழே இறங்கினால் தாய்க்கொடிக்குப் போய்ச் சேரலாம். அந்தக் கொடி அடுத்த தாளில் தொடரும். சட்டங்கள் அசையாமல் நிற்பதால்தான் கொடியின் அசைவு நம் கண்ணில் படுகிறது.

1883இல் அவர் செய்த ‘ஸ்ட்ராபெர்ரித் திருடன்’ என்ற அச்சுத் துணியும் தோட்டத்தில் நேரில் கண்டதிலிருந்து பிறந்ததுதான். கெல்ம்ஸ்காட் என்ற ஊரில் இருந்த வீட்டில், பழங்களுக்கு மேல் விரித்த வலைக்குள் புகுந்து பழம் திருடிய பறவைகளை விரட்டாமல் அவர் துணியில் ஏற்றிவிட்டார். துணி முழுவதையும் முதலில் அவுரிச் சாயத்தில் தோய்த்துக் கருநீலமாக்கி, வேண்டிய இடங்களில் மட்டும் வெளுப்பு மருந்தை மர அச்சால் பதித்து நீலத்தை நீக்கி, அந்த இடங்களில் சிவப்பையும் மஞ்சளையும் பின்னர் ஏற்றும் முறை அது. ஒரு துணி முடிய நாள்கணக்கில் ஆகும். அந்தக் கருநீலத்தால் துணிக்கு ஆழம் கிடைக்கிறது. பறவைகள் புதருக்குள்ளிருந்து வெளியே வருவது போல இருக்கின்றன. உங்கள் துணியின் தரை வெள்ளை. பூவுக்குப் பின்னால் இருட்டும் இலையும் இல்லாமல் தோட்டம் கிடையாது என்பதை ஒரு முறை வெளியே போய்ப் பார்த்தாலே உணர்வீர்கள்.

வடிவம் எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்பது தெரியாமல் வரைய ஒரு பழைய வழி இருக்கிறது. சதுரத் தாள் ஒன்றை எடுத்து, ஓரங்களைத் தொடாமல் நடுவில் மட்டும் ஒரு கிளையை வரையுங்கள். தாளை மேலிருந்து கீழாக நடுவில் வெட்டி, இடப்பாதியை வலப்புறத்துக்கும் வலப்பாதியை இடப்புறத்துக்கும் மாற்றி ஒட்டுங்கள். வரைந்த கிளை இப்போது இரண்டு ஓரங்களுக்கும் போயிருக்கும். நடுவில் வெற்றிடம் இருக்கும். அடுத்து குறுக்காக வெட்டி மேல்பாதியையும் கீழ்பாதியையும் அதே போல மாற்றி ஒட்டுங்கள். நடுவில் தெரியும் வெற்றிடத்தில், ஏற்கெனவே இருக்கும் காம்புகளிலிருந்தே புதுக் கிளைகளை நீட்டி நிரப்புங்கள். இந்தத் தாளை எத்தனை பிரதி எடுத்து அடுத்தடுத்து வைத்தாலும் இணைப்பு தெரியாமல் கொடி ஓடும். கை பழகிய பிறகு, ஒவ்வொரு செங்குத்து வரிசையையும் முந்தையதைவிட அரையளவு கீழே இறக்கி வைக்கும் முறைக்குப் போகலாம். மாரிஸின் பல வடிவங்களில் பூக்கள் வரிசைகட்டி நிற்காமல் சாய்வாக ஏறுவதற்கு இந்த இறக்கமே காரணம். ஐந்து பூக்களில் ஒன்றையாவது முதுகு காட்டித் திரும்பி நிற்க விடுங்கள்.

கேள்வி: பாரசீகக் கம்பளங்களில் தோட்டமே ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? தரையில் மிதிக்கும் பொருளில் பூவை நெய்வது எனக்கு விந்தையாக இருக்கிறது.

எல்லாக் கம்பளங்களிலும் தோட்டம் வருவதில்லை; வேட்டைக் காட்சிகள், பதக்க வடிவங்கள், வெறும் கோணக் கோலங்கள் எனப் பலவும் உண்டு. ஆனால் ‘தோட்டக் கம்பளம்’ என்றே ஒரு வகை இருப்பது உண்மை. அதன் காரணம் நிலத்தின் இயல்பிலேயே இருக்கிறது. வறண்ட மேட்டுநிலத்தில் தோட்டம் தானாக வருவதில்லை. மலையடிவாரத்து நீரை நிலத்தடிச் சுரங்கக் கால்வாய் வழியே கொண்டுவந்து, காற்றும் மணலும் ஆடுகளும் புகாதபடி நான்கு பக்கமும் சுவர் எழுப்பினால்தான் ஒரு மரம் நிற்கும். பழைய ஈரானிய மொழியில் ‘பைரிதேசா’ என்றால் சுற்றிலும் சுவர் கொண்ட இடம் என்றுதான் பொருள். கிரேக்க எழுத்தாளர் செனஃபோன் அந்தச் சொல்லைத் தம் மொழிக்கு எடுத்துச் சென்றார். பின்னர் அதுவே ஐரோப்பிய மொழிகளில் சொர்க்கத்தைக் குறிக்கும் ‘பாரடைஸ்’ ஆயிற்று. சொர்க்கத்தின் பெயருக்குள் பூவும் இல்லை, மரமும் இல்லை, சுவர்தான் இருக்கிறது.

சுவருக்குள் நீர்க்கால்வாய்களால் நான்காகப் பகுத்த தோட்டம் ‘சார் பாக்’. தோட்டக் கம்பளம் இந்த அமைப்பின் வரைபடம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் உள்ள பரல் அருங்காட்சியகத்தில் ‘வாக்னர் கம்பளம்’ என்று அழைக்கப்படும் ஒன்று இருக்கிறது; 17ஆம் நூற்றாண்டில் கெர்மான் பகுதியில் நெய்யப்பட்டது. அதில் கால்வாய்களை மேலிருந்து பார்க்கிறோம். ஆனால் அவற்றில் நீந்தும் மீன்களையும் வாத்துகளையும் கரையில் நிற்கும் மரங்களையும் பக்கவாட்டில் பார்க்கிறோம். இரண்டு பார்வைகள் ஒரே தளத்தில் இருப்பதைப் பிழை என்று நினைக்க வேண்டாம். கம்பளத்தின் நடுவில் உட்காருபவருக்கு நாற்புறமும் மரங்கள் சூழ்ந்திருக்கும். அவர் பார்ப்பது தோட்டத்துக்குள்ளிருந்து பார்க்கும் காட்சி. மிதிப்பதற்காக மட்டும் நெய்தது என்ற உங்கள் எண்ணத்தை இங்கே சற்று மாற்றிக்கொள்ளலாம். அது உட்காரும் இடம். அதன் கரை, அதாவது நாற்புறமும் ஓடும் விளிம்பு, தோட்டத்துச் சுவரின் வேலையைச் செய்கிறது.

இஸ்லாத்துக்கு முந்தைய பாரசீகத்தை ஆண்ட சாசானியப் பேரரசர்களின் தலைநகரான டெசிஃபோனின் அரண்மனையில் வசந்தகாலத் தோட்டத்தைக் காட்டும் மாபெரும் விரிப்பு ஒன்று இருந்ததாகவும், வெளியே மரங்கள் இலையுதிர்த்து நிற்கும் குளிர்காலத்தில் அரசர் அதில் அமர்ந்து விருந்து நடத்தியதாகவும் அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். பொன்னும் மணியும் பட்டும் கொண்டு செய்த அந்த விரிப்பு, 637இல் நகரம் அரபுப் படையிடம் வீழ்ந்தபோது துண்டு துண்டாக வெட்டப்பட்டு வெற்றிபெற்றவர்களுக்குப் பங்கிடப்பட்டது. அதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் விரிப்பின் அழகைவிட, பங்காகக் கிடைத்த துண்டில் பாதி மரமும் கால் வாய்க்காலும் இருந்திருக்குமே என்பதில்தான் போய் நிற்கும்.

கேள்வி: பழைய கிரேக்க, ரோமத் தூண்களின் தலையில் செதுக்கியிருக்கும் இலை எந்தச் செடியுடையது?

அகாந்தஸ். மத்தியதரைக் கடல் பகுதியில் தானாக வளரும், ஓரம் பிளந்த பெரிய இலைகளை உடைய செடி. கொரிந்த் நகரில் இறந்த ஓர் இளம்பெண்ணின் சமாதியில் அவளுடைய பொருள்களைக் கூடையில் வைத்து மேலே ஓடு போட்டு மூடியிருந்தார்கள் என்றும், கூடைக்கு அடியில் இருந்த அகாந்தஸ் வேர் தளிர்த்துக் கூடையைச் சூழ்ந்து, ஓட்டில் முட்டி வெளிப்புறமாகச் சுருண்டது என்றும், அவ்வழியே போன சிற்பி கல்லிமாக்கஸ் அதைக் கண்டு தூண்தலை வடிவத்தை உருவாக்கினார் என்றும் ரோமக் கட்டடக் கலை நூலாசிரியர் விட்ருவியஸ் சொல்கிறார். அழகான கதை. 1893இல் கலை வரலாற்றாசிரியர் அலோயிஸ் ரீகல் இதை ஏற்க மறுத்தார். முன்பே வழக்கில் இருந்த விசிறி வடிவ இலைக்கோலம் சிற்பிகளின் கையில் மெல்ல மாறியே அகாந்தஸாக ஆயிற்று என்பது அவர் வாதம். எனக்கு ரீகல் சொல்வதே சரியென்று படுகிறது. ஆனால் மாற்றத்தின் ஏதோ ஒரு கட்டத்தில் ஒருவராவது குனிந்து உண்மைச் செடியைப் பார்த்திருக்க வேண்டும்.

கேள்வி: எந்தத் தோட்டத்திலும் இல்லாத கற்பனைப் பூக்களை வரைவது இயற்கைக்கு மாறானதில்லையா?

துருக்கியின் இஸ்னிக் நகரில் பதினாறாம் நூற்றாண்டில் செய்த, சுவரில் பதிக்கும் ஓடுகளைப் பாருங்கள். ஒரே ஓட்டில் துலிப், கார்னேஷன், ரோஜா ஆகியவற்றைப் பெயர் சொல்லி அடையாளம் காணலாம்; பக்கத்திலேயே வாள் போல வளைந்த, எந்தத் தாவரவியல் நூலிலும் இல்லாத நீண்ட இலை ஒன்று பூக்களைக் குத்திக்கொண்டு போகும். இரண்டும் ஒரே தண்டிலிருந்துகூட வரும். இஸ்தான்புல்லில் உள்ள ருஸ்தம் பாஷா மசூதியின் சுவர்களில் இந்தக் கலப்பு உறுத்துவதே இல்லை. சோழமண்டலக் கரையில் சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் கொண்டு எழுதி, 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவுக்குப் போன பருத்தித் துணிகளிலும் இதே கதைதான்: பாறை மேட்டிலிருந்து எழும் ஒற்றை மரத்தில் பத்து வகைப் பூக்கள், அவற்றில் பாதிக்குப் பெயர் கிடையாது. அந்தத் துணிகளுக்கு எழுந்த மோகத்தைத் தாங்க முடியாமல் பிரான்ஸ் 1686இல் அவற்றுக்குத் தடை விதித்து 1759 வரை நீக்காமல் வைத்திருந்தது. இல்லாத பூவை வரையலாம். ஆனால் அதன் காம்பு எடையைத் தாங்க வேண்டும், இலை ஒளியைத் தேட வேண்டும். செடி எப்படி வளரும் என்று அறிந்தவர் பொய் சொன்னால் நம்பும்படி இருக்கும்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் இரண்டடி அகலமுள்ள பால்கனிதான் இருக்கிறது, அதில் ஆறு தொட்டிகள். அதைத் தோட்டம் என்று நான் சொன்னால் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். மனத்துக்குப் புகலிடமாக ஒரு தோட்டம் அமைய எவ்வளவு இடம் வேண்டும்?

ரோமப் பேரரசர் அகஸ்டஸின் மனைவி லிவியாவுக்கு நகருக்கு வெளியே ஒரு மாளிகை இருந்தது. எவ்வளவு இடம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய அந்தப் பெண்மணி, பாதி நிலத்துக்கு அடியில் இறங்கிய ஓர் அறையின் நான்கு சுவர்களிலும் தோட்டத்தை எழுதச் செய்தார். ஏறக்குறைய 12 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் கொண்ட அறை. 1863இல் அது கண்டுபிடிக்கப்பட்டது. சுவரோவியங்கள் இப்போது ரோம் நகர அருங்காட்சியகம் ஒன்றில் உள்ளன. மாதுளை காய்த்திருக்கிறது, அருகிலேயே வசந்தகாலப் பூக்கள் மலர்ந்திருக்கின்றன. எல்லாப் பருவங்களும் ஒரே நாளில் வந்துவிட்டன. நான் உங்களுக்குச் சுட்ட விரும்புவது அந்த ஓவியத்தின் அடிப்பகுதியை. பார்ப்பவருக்கு மிக அருகில் பிரம்பு பின்னிய தாழ்ந்த வேலி, அதற்கப்பால் ஒரு நடைபாதை, அதற்கும் அப்பால் கல்லால் ஆன கைப்பிடிச்சுவர், அதன் பின்னே மரங்கள். வேலிக்குள் வேலியாக இரண்டு எல்லைகளை வரைந்த பிறகே ஓவியர் மரத்துக்குப் போயிருக்கிறார். முன்னே ஒரு பதிலில் பார்த்த கம்பளத்தின் விளிம்பும் இதே வேலையைத்தான் செய்கிறது.

ஆகவே உங்கள் பால்கனியில் குறைவாக இருப்பது பரப்பளவு அன்று என்று நினைக்கிறேன். ஆறு தொட்டிகளையும் கைப்பிடிச் சுவரோரம் வரிசையாக வைத்திருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அப்படி வைத்தால் அவை தெருவில் போகிறவர்களுக்கான காட்சி. ஒரு சிறு முக்காலியைப் போடுங்கள். அதில் உட்கார்ந்தால் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரத்துக்கு மூன்று தொட்டிகளை ஏற்றி ஒரு பக்கம் சேர்த்து வைத்து, எதிர் மாடியின் சன்னலை மறையுங்கள். ஒரு பக்கம் மூடியிருந்தால் போதும், முதுகு தளர்ந்து உட்காரும். காற்றில் எளிதில் அசையும் மெல்லிய இலைச்செடி ஒன்றும், மாலையில் மணக்கும் செடி ஒன்றும் இருக்கட்டும். மீதித் தொட்டிகளில் எதை வைத்தாலும் சரிதான்.

பச்சையைப் பார்ப்பது உடலுக்கே நல்லது என்பதற்கு ஆதாரம் உண்டா என்று இன்னொரு வாசகர் கேட்டிருப்பதையும் இங்கேயே சேர்த்துக்கொள்கிறேன். ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில், சன்னல் வழியே மரங்களைப் பார்த்த 23 பேரையும் செங்கல் சுவரைப் பார்த்த 23 பேரையும் அவர் ஒப்பிட்டார். மரங்களைப் பார்த்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். கடுமையான வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. 46 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். அதை வைத்துக்கொண்டு செடி வளர்த்தால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டாம்.

கேள்வி: கணவர் மறைந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. எழுபதைத் தாண்டிவிட்டேன். அவரும் நானும் சேர்ந்து வளர்த்த தோட்டம் அப்படியே இருக்கிறது. ஆனால் முழங்கால் வலியால் குனிந்து வேலை செய்ய முடியவில்லை. உள்ளே போனாலே மனம் கனக்கிறது. கைக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும் போலிருக்கிறது. இந்த வயதில் புதிதாக எதைக் கற்றுக்கொள்வது?

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் எனக்கு நினைவுக்கு வந்தவர் மேரி டெலானி. 1700இல் இங்கிலாந்தில் பிறந்தவர். இரண்டாவது கணவர் 1768இல் இறந்தபோது அவருக்கு ஏறக்குறைய 68 வயது. அவருடைய கணவரும் தோட்டக்கலையில் ஈடுபாடு கொண்டவர். இருவரும் சேர்ந்தே தோட்டம் வளர்த்தவர்கள். அதன் பிறகு தோழியான போர்ட்லண்ட் சீமாட்டியின் வீட்டில் நெடுநாள் தங்குவது அவர் வழக்கமாயிற்று. எழுபத்திரண்டு வயதில் ஒருநாள், மேசை மேல் கிடந்த சிவப்புத் தாள் ஒன்றின் நிறமும் பக்கத்தில் இருந்த ஜெரேனியம் பூவின் நிறமும் ஒன்றாக இருப்பதைக் கவனித்து, கத்தரிக்கோலை எடுத்து இதழ்களை வெட்டத் தொடங்கினார். அறைக்குள் வந்த தோழி அவற்றை உண்மையான இதழ்கள் என்றே நினைத்தாராம்.

அடுத்த பத்தாண்டுகளில் அவர் தாளால் செய்த பூக்கள் ஏறக்குறைய ஆயிரம். கறுப்பு மை பூசிய தாளின் மேல், வண்ணத் தாளை நுண்ணிய துண்டுகளாக வெட்டி அடுக்கடுக்காக ஒட்டுவது அவர் முறை. ஒரே பூவுக்கு நூற்றுக்கணக்கான துண்டுகள்கூட ஆகும். மகரந்தத் தாளை, மயிரிழை போன்ற அதன் காம்பைக்கூட வரையாமல் வெட்டியே எடுத்தார். சில இடங்களில் உண்மையான இலை ஒன்றையே ஒட்டிவிட்டு, அதன் பக்கத்தில் தாள் இலையை வைத்திருக்கிறார். எது எது என்று கண்டுபிடிக்கச் சற்று நேரம் பிடிக்கும். கண்பார்வை மங்கிய 82ஆம் வயதில் நிறுத்திக்கொண்டார். அந்தத் தொகுதிகள் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன.

இது வெறும் பொழுதுபோக்கு அன்று. தாவரவியலாளர்கள் மதித்த துல்லியம் அதில் இருந்தது. ஆனால் துல்லியத்தைப் பற்றி இப்போது நீங்கள் கவலைப்பட வேண்டாம். காலையில் தோட்டத்திலிருந்து யாரையாவது ஒரே ஒரு பூவைக் கொண்டுவரச் சொல்லி, கண்ணாடித் தம்ளரில் வைத்து, மேசையில் எதிரே வையுங்கள். கறுப்புத் தாள், நான்கைந்து வண்ணத் தாள்கள், கூர்மையான சிறிய கத்தரிக்கோல், பசை, நல்ல வெளிச்சம் ஆகியவை போதும். முதல் நாள் ஓர் இதழை மட்டும் வெட்டுங்கள். அந்த இதழின் ஓரத்தில் எத்தனை நெளிவுகள் என்று எண்ணுவதற்குள் ஒரு மணி நேரம் போயிருக்கும். தோட்டத்துக்குள் போவதை அவசரப்படுத்த வேண்டியதில்லை. பூ உங்களிடம் வரட்டும். முதல் தாளை முடித்ததும், எப்படி வந்திருந்தாலும், எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: உலகம் எரிந்துகொண்டிருக்கும்போது தோட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வது தப்பித்தல் ஆகாதா? அலங்காரக் கலையே அப்படிப்பட்டதுதானே?

இந்தக் கேள்வியை ஓவியர் கிளோட் மோனே தம்மையே கேட்டுக்கொண்டார். 1883இல் பிரான்ஸின் ஜிவெர்னி என்ற சிற்றூரில் குடியேறிய அவர், 1893இல் அருகில் நிலம் வாங்கி அல்லிக் குளம் வெட்ட அனுமதி கேட்டபோது, அயல்நாட்டுச் செடிகளால் ஆற்றுநீர் கெட்டுவிடும் என்று ஊரார் எதிர்த்தார்கள். குளம் எப்படியோ வந்தது. 1911இல் மனைவியையும் 1914இல் மூத்த மகனையும் இழந்தார். கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டே போர் மூண்டது. இத்தனை பேர் துன்பப்பட்டு மடியும்போது நிறத்தையும் வடிவத்தையும் பற்றி நினைத்துக்கொண்டிருக்க வெட்கமாக இருக்கிறது என்ற பொருளில் அவர் நண்பருக்கு எழுதினார். ஆனாலும் குளத்தங்கரையை விட்டு நகரவில்லை. அங்கேதான் தாம் ‘பெரும் அலங்காரங்கள்’ என்று குறிப்பிட்ட அல்லி ஓவியங்களைத் தீட்டிக்கொண்டிருந்தார். அலங்காரம் என்ற சொல்லைத் தாழ்வாக நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவர் அவரே. போர்நிறுத்தம் ஏற்பட்ட மறுநாள், 1918 நவம்பர் 12 அன்று, பிரதமர் கிளெமென்சோவுக்குக் கடிதம் எழுதி, அவற்றில் சிலவற்றை நாட்டுக்குத் தருவதாகச் சொன்னார். மோனே இறந்த மறுஆண்டு, 1927இல், பாரிஸ் ஒரான்ஜரி அருங்காட்சியகத்தின் இரண்டு நீள்வட்ட அறைகளில் அவை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. மூலையே இல்லாத அந்த அறைகளில் நடுவில் நிற்பவரைக் குளம் சூழ்ந்துகொள்கிறது. ஒரு மனிதர் தமக்காக வெட்டிய குளம் அந்நியர்கள் உட்கார்ந்து மூச்சு வாங்கும் இடமாயிற்று.

வேறு விதமான எடுத்துக்காட்டும் உண்டு. திரைப்பட இயக்குநர் டெரெக் ஜார்மன், 1986இல் எச்.ஐ.வி. தொற்று உறுதியான பின்னர், இங்கிலாந்தின் டஞ்சனஸ் கடற்கரையில் கூழாங்கற்கள் மட்டுமே நிறைந்த நிலத்தில் ஒரு மரவீட்டைச் சுற்றித் தோட்டம் போட்டார். உப்புக்காற்று, கண்ணெட்டும் தூரத்தில் அணுமின் நிலையம். கடல் ஒதுக்கிய மரக்கட்டைகளை நட்டு, ஓட்டைக் கற்களைக் கோத்து மாட்டி, கற்களை வட்டமாக அடுக்கி, அவற்றுக்கு நடுவே அந்த நிலம் தாங்கும் செடிகளை வளர்த்தார். இதுவரை நான் எழுதிய தோட்டங்கள் எல்லாவற்றிலும் எல்லை இருந்தது; இதற்கு வேலியே கிடையாது. எங்கே தோட்டம் முடிந்து எங்கே கடற்கரை தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. 1994இல் இறக்கும்வரை அவர் அங்கே செடி நட்டார், எழுதினார், படம் எடுத்தார். தப்பித்தவர் செய்யும் வேலையாக அது எனக்குத் தோன்றவில்லை. தோட்டத்துக்குள் போனவர் வெளியே வரும்போது கையில் எதைக் கொண்டுவருகிறார் என்று பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லலாமே.

கேள்வி: புத்தகத்தில் வைத்து உலர்த்தும் பூக்கள் பழுப்பாகிவிடுகின்றன. நிறம் தங்க என்ன செய்வது?

ஈரம் மெதுவாக வெளியேறினால் பழுப்பு ஏறும். பனி காய்ந்த பின் பறியுங்கள். தடித்த பூக்களைத் தவிர்த்து மெல்லிய இதழ்களைத் தேர்ந்தெடுங்கள். மை உறிஞ்சும் தாளுக்கு நடுவே வைத்து, முதல் நான்கைந்து நாள்கள் தாளைத் தினமும் மாற்றுங்கள். உலர்ந்த பின் வெயில் படாத இடத்தில் வைத்தாலும் சிவப்பும் நீலமும் ஆண்டுகள் செல்லச் செல்ல மங்கத்தான் செய்யும். மஞ்சள் நெடுநாள் நிற்கும்.

கேள்வி: கைப்பேசியில் பூவைப் படம் எடுத்து அதைப் பார்த்து வடிவம் செய்கிறேன். நேரில் பார்த்துத்தான் வரைய வேண்டும் என்று ஆசிரியர் கண்டிக்கிறார். யார் சொல்வது சரி?

படம் எடுப்பது குற்றமில்லை. பெர்லினில் அலங்காரக் கலை கற்பித்த கார்ல் பிளாஸ்ஃபெல்ட், மாணவர்களுக்குக் காட்டுவதற்காகவே பல்லாண்டுகள் செடிகளைப் பெரிதாக்கிப் படம் எடுத்தார். சுருண்ட பெரணித் தளிர் ஆயரின் செங்கோல் போலவும், குதிரைவால் செடியின் தண்டு கோபுரம் போலவும் தெரியும் அந்தப் படங்கள் 1928இல் நூலாக வந்தபோது அவருக்கு வயது 63. அதுவரை அவர் தம்மைப் புகைப்படக் கலைஞராகக் காட்டிக்கொண்டதில்லை. ஆனால் ஒரு தண்டைப் படம் எடுக்கும் முன், மற்ற இலைகளை நீக்கி, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அதன் கட்டமைப்பு தெரியும் என்று அவர் முடிவு செய்துவிடுவார். உங்கள் கைப்பேசி அந்த முடிவை உங்களுக்காக எடுக்காது. அந்த அளவில் ஆசிரியர் சொல்வது சரி.

ஒரு சோதனை சொல்கிறேன். பூசணி, பாகல் போன்ற ஏதேனும் ஒரு கொடியில், குச்சியைப் பற்றிக்கொண்டுவிட்ட பற்றுக்கம்பி ஒன்றைத் தேடுங்கள். தொலைவிலிருந்து பார்த்தால் அது ஒரே திசையில் சுற்றிய கம்பிச்சுருள் போலத் தெரியும். பெரும்பாலான கொடிக்கருக்கு வேலைகளில் அப்படித்தான் வரைந்திருப்பார்கள். விரல் நுனியால் ஒரு முனையிலிருந்து மெல்லத் தடவிக்கொண்டு வாருங்கள். வலமாகச் சுற்றிக்கொண்டே வரும் சுருள் நடுவில் ஓர் இடத்தில் நின்று, சிறிது நேராக ஓடி, பிறகு இடமாகச் சுற்றத் தொடங்கும். இரண்டு முனைகளும் கட்டுண்ட பிறகு ஒரே திசையில் சுருண்டால் கம்பி முறுக்கேறி அறுந்துவிடும்; ஆகவே பாதி ஒரு புறமும் பாதி மறுபுறமும் சுருண்டு கணக்கை நேர்செய்துகொள்கிறது. டார்வினும் ஏறுகொடிகளைப் பற்றி எழுதியபோது இதை விளக்கியிருக்கிறார். உங்கள் கைப்பேசிப் படங்களில் இது ஏற்கெனவே பதிவாகியிருக்கக்கூடும். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அந்த நேரான சிறு துண்டை எந்தப் பூத்தையலிலும் நான் இதுவரை கண்டதில்லை. முதல் கடிதத்தை எழுதிய வாசகி அடுத்த துணியில் தைத்துப் பார்த்தால், எனக்கு ஒரு துண்டு அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.